உச்சமுனையிலிருந்து நேர் தெற்கே

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதமும், அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த கலண்டர் தாளும் வந்து சேர்ந்தன. கடிதத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் படம். ஒரே பனிக்கட்டியில் பனிக்கரடியும் பென்குயினும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன, பின்னால் ஒரு வெள்ளைக் கப்பல். "மாமா, நீங்கள் வேலை செய்தது இந்தக் கப்பலிலா?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்.

அப்படி ஒரு கப்பல் உலகத்தில் ஓட முடியாது, பிள்ளை. பனிக்கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. ஒன்றை மற்றது கண்டதே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் முழுப் பூமியும் கிடக்கிறது, அதில் உச்சமுனையும் கிடக்கிறது. படம் செய்தவர் எங்கோ மின்விசிறிக்குக் கீழே இருந்து இரண்டையும் ஒட்டியிருப்பார். ஆனாலும் அந்தத் தாளை எறியாதே. திருப்பி அனுப்புகிறேன். கரடிக்கும் பென்குயினுக்கும் நடுவே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அதுதான் உங்கள் வீடு.

உன் வயதில் எனக்கும் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. கற்பிட்டியில் படித்த காலம். புவியியல் புத்தகத்தில் வடமுனைவு, தென்முனைவு என்று வந்தது. (இந்தியப் புத்தகங்களில் துருவம் என்பார்கள்.) முனைவு என்றால் பூமியின் அந்தம் என்றார் வாத்தியார். நான் எழுந்து, "அப்படியென்றால் எங்கள் ஊர் உச்சமுனை அதற்கும் மேலேயா சேர்?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. உலக உருண்டையைக் கொண்டுவந்து வைத்து, பட்டம் விடுகிற நூலில் ஒரு முழம் அறுத்து, நடுவை நம் கரைக்கு வெளியே கடலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு நுனியை நேர் வடக்கே இழு, மற்றதை நேர் தெற்கே இழு என்று என்னிடம் தந்தார்.

வடக்கு நுனி இந்தியாவைத் தாண்டி, இமயமலையைத் தாண்டி, ரஷ்யாவின் தலைமாட்டில், சைபீரியா வடக்குக் கடலைத் தொடுகிற இடத்தில் போய் நின்றது. தெற்கு நுனி நீலத்தின் மேலேயே போனது. ஒரு தீவு இல்லை, ஒரு திட்டு இல்லை. நூல் அந்தாட்டிக்காவின் வெள்ளையைத் தொட்டபோதுதான் நிலம் வந்தது. உன் அப்பா, என் அத்தான், வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு ஓங்கில் பார்க்கப் போகிறாரே, அந்த ஆழத்தில் வள்ளத்தை நிறுத்தித் தெற்கே முகம் திருப்பினால், அங்கிருந்து அந்தாட்டிக்காக் கரை வரைக்கும், ஏறத்தாழ 8,500 கிலோமீற்றர், தண்ணீர் மட்டும்தான். போய்ச் சேருமிடத்துக்குச் சற்று மேற்கே இந்தியா 2012இல் திறந்த ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. பெயர் பாரதி. பெயரைக் கேட்டதும் எனக்கு எட்டயபுரத்தார்தான் நினைவுக்கு வந்தார். முண்டாசு அந்தக் குளிருக்குக் கொஞ்சம் உதவியிருக்கும்.

இனி உன் கடிதம். டிக்கெட் எவ்வளவு, என்ன பார்க்கலாம், உச்சமுனைப் பிள்ளை ஒன்று போக முடியுமா என்று மூன்று கேள்வி. டிக்கெட்டை முதலில் முடித்துவிடுகிறேன், அது சந்தோசமான கதை இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் பயணத்தில் மிக மலிவான படுக்கைக்கே ஐயாயிரம், ஆறாயிரம் அமெரிக்க டொலர் வேண்டும். அதோடு ஆர்ஜென்டீனாவின் தென்கோடியில் உள்ள உஷுவாயா என்ற ஊருக்குப் போய்ச்சேர விமானச் செலவு தனி. பணம் கொடுத்துப் போனவர்களில் நம் மாதிரி ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர்கள் இருந்தோம். நான் பாத்திரம் கழுவப் போனேன், பிறகு சாப்பாடு பரிமாறினேன். நாலு பருவம்.

பருவம் என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை. அங்கே அப்போதுதான் கோடை, கடல் பனி உடைந்து வழிவிடும், நடுக்கோடையில் முழு இருட்டு என்று ஒன்று இருக்கவே இராது. கவனித்தாயா, உங்கள் கரையில் ஓங்கில் காட்டுகிற மாதங்களும் அவைதான். காரணம் வேறு. இங்கே சோளகம் அடங்கிக் கடல் படுத்துவிடுகிறது. உஷுவாயாவில் நான் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த அதே காலையில் அத்தான் கரையில் என்ஜினைப் பூட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் ஒரே தொழில், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் விலங்கு காட்டுவது.

இப்படிப் பார்க்கப் போகிற வழக்கம் பழையதல்ல. 1966இல் லார்ஸ் எரிக் லின்ட்பிளாட் என்ற சுவீடன் நாட்டவர் ஆர்ஜென்டீனக் கடற்படையின் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சாதாரண ஆட்களை அந்தாட்டிக்காவுக்கு அழைத்துப் போனார். 1969இல் அதற்கென்றே ஒரு சின்னச் சிவப்புக் கப்பல் கட்டினார். பெரிய கப்பலைக் கரையோரம் கொண்டுபோக முடியாது, ஆகவே காற்றடைத்த இறப்பர் படகுகளில் பத்துப் பேர் பத்துப் பேராக இறக்குவது, கூடவே விலங்கறிந்தவர், வரலாறு அறிந்தவர் என்று ஆட்களை வைத்துப் பாடம் சொல்லுவது என்ற முறை அங்கிருந்து வந்ததுதான். அந்தச் சிவப்புக் கப்பல் பல கை மாறி, 2007 நவம்பர் 23ஆம் தேதி அதே அந்தாட்டிக்கக் கடலில் பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் சில மணி நேரம் உயிர்காப்புப் படகுகளில் நடுங்கிக் கிடந்து, வேறொரு கப்பலால் மீட்கப்பட்டார்கள். எங்களுக்கு ஒவ்வொரு பயணத்திலும் முதல் நாள் உயிர்காப்பு அங்கி கட்டிப் பழகும்போது இந்தக் கதையைச் சொல்வார்கள். இன்று ஒரு பருவத்துக்கு அங்கே போகிறவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்றுதான் படுகிறது. ஆனால் நான் போய்விட்டு வந்து மற்றவரை வராதே என்று சொல்வது நியாயமா தெரியவில்லை.

டிரேக் நீரிணையைக் கடக்க இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பயணிகளில் பாதிப்பேர் படுக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள், மற்றப் பாதிப்பேர் விரிவுரை கேட்பார்கள். எனக்கு ஆங்கிலம் ஒழுங்காக வந்ததே அந்த விரிவுரைகளில்தான். சூப் தட்டோடு கதவோரம் நின்று கேட்டது. தென்முனைவுக்கு 1911 டிசம்பர் 14ஆம் தேதி அமுன்ட்சென் முதலில் போனார், ஐந்து கிழமை பிந்திப் போன ஸ்கொட் திரும்பி வரும் வழியில் செத்தார் என்ற கதை உன் புத்தகத்திலேயே இருக்கும். முனையை எட்டிப்பிடிக்கிற போட்டிக் கதைகளில் எனக்கு ஆசையில்லை. எனக்குப் பிடித்தது ஒரு வள்ளத்தின் கதை. உனக்கு அது நன்றாக விளங்கும், விரிவுரை கேட்ட பணக்காரருக்கு விளங்கியதைவிட நன்றாக.

ஏர்னஸ்ட் ஷக்கிள்டன் என்பவர் 27 பேரோடு எண்டியூரன்ஸ் என்ற கப்பலில் போனார். 1915 ஜனவரியில் கப்பல் கடல் பனிக்குள் சிக்கியது. பனி அதை மாதக்கணக்கில் நெரித்தது. அந்த நவம்பரில் கப்பல் தாழ்ந்தது. மிச்சம் மூன்று வள்ளம். பனி மேலும் தண்ணீர் மேலுமாக அலைந்து, 1916 ஏப்ரலில் எலிஃபன்ட் தீவு என்ற மொட்டைப் பாறையில் ஏறினார்கள். அங்கே யாரும் வரமாட்டார்கள். ஆகவே ஆறு பேர் ஒரு வள்ளத்தில் உதவி தேடிப் புறப்பட்டார்கள். அந்த வள்ளம் எத்தனை அடி என்று நினைக்கிறாய்? ஏறத்தாழ 22 அடி. அத்தானின் பைபர் வள்ளத்துக்கு நாலடி கூட. என்ஜின் கிடையாது. கடல் எது? உலகத்திலேயே மோசமான கடல். தூரம் எவ்வளவு? 1,300 கிலோமீற்றர் அளவு. தச்சர் மக்னிஷ் வள்ளத்தின் மேல் கித்தான் போர்த்துத் தளம் கட்டினார், பலகை இடுக்குகளை விளக்குத் திரியாலும், சித்திரம் தீட்ட வைத்திருந்த எண்ணெய்ச் சாயத்தாலும், கடல்நாயின் இரத்தத்தாலும் அடைத்தார். வழி பார்த்தவர் வோர்ஸ்லி. பதினாறு நாளில் சூரியனை நாலே நாலு தடவைதான் அவருக்குச் சரியாக அளக்கக் கிடைத்தது. ஜிபிஎஸ் பழுதாகிப் பனிமூட்டத்தில் களப்பின் வாயைத் தவறவிட்ட நாளை அத்தானிடம் கேட்டுப் பார், நாலு தடவை என்றால் என்ன என்று சொல்வார். மே 10ஆம் தேதி அவர்கள் தென் ஜோர்ஜியாத் தீவில் கரை தட்டினார்கள், அதுவும் மறுபக்கத்தில். பிறகு மூன்று பேர் மலை தாண்டி நடந்தார்கள்.

பாறையில் விட்டுவந்த 22 பேர் என்ன செய்தார்கள்? மிச்ச இரண்டு வள்ளத்தையும் கவிழ்த்து, கீழே கல் அடுக்கி, அதற்குள் நாலு மாதத்துக்கு மேல் கிடந்தார்கள். விரிவுரையாளர் படத்தைத் திரையில் போட்டு இதைச் சொன்னபோது மண்டபத்தில் எல்லோரும் ஐயோ என்றார்கள். நான் நம் மீன்வாடியை நினைத்துக்கொண்டேன். கவிழ்த்த வள்ளத்து நிழலில் படுத்து வளர்ந்தவன் நான். தாரும் பழைய மீனும் சேர்ந்த அந்த மணம் எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 30ஆம் தேதி சிலி நாட்டுச் சின்னக் கப்பல் ஒன்று வந்து எல்லோரையும் ஏற்றியது. ஒருவர்கூடச் சாகவில்லை. ஊருக்குப் போனபின் பதக்கம் கொடுத்தார்கள். வள்ளத்தை அடைத்த தச்சர் மக்னிஷுக்குக் கொடுக்கவில்லை, இடையில் அவர் தலைவரோடு வாய் காட்டினாராம். மூழ்கிய கப்பலை 2022 மார்ச்சில் 3,008 மீற்றர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள், பெயர் எழுத்து அழியாமல் இருந்தது. தச்சரின் பதக்கத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

என்னைக் கரையில் இறக்கினார்களா என்று கேட்டாய். வேலைக்காரருக்குப் படகில் இடம் மிஞ்சினால்தான். மூன்றாவது பயணத்தில் மிஞ்சியது. அதற்கு முதல்நாள் எங்கள் சட்டைப்பை, பையின் மூலைமுடுக்கு, சப்பாத்தின் அடி எல்லாவற்றையும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்து எடுத்தார்கள். ஒரு புல்விதைகூட அங்கே போகக் கூடாது. என் பையின் தையலுக்குள்ளிருந்து மணல் வந்தது. பரிசோதித்த பெண் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு "எந்தக் கடற்கரை?" என்றாள். உச்சமுனை என்றேன். ஒரு தாளில் மடித்து என்னிடமே தந்தாள்.

கரை தெரிவதற்கு முன் மணம் வந்தது. கருவாட்டு வாடி பத்தைச் சேர்த்து வைத்த மாதிரி. ஆயிரக்கணக்கான பென்குயின், ஆயிரக்கணக்கான பென்குயின் எச்சம். ஒரு நேரத்தில் 100 பயணிக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆட்களை இறக்கவே கூடாது. பென்குயினுக்கு 5 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். கப்பல் நடத்துகிறவர்கள் 1991இல் ஒரு சங்கமாகக் கூடித் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள் இவை, பிறகு அந்தாட்டிக்க உடன்படிக்கை நாடுகளும் எடுத்துக்கொண்டன. பறவைக் காய்ச்சல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இப்போது தரையில் குந்தவோ பையை வைக்கவோகூட விடுவதில்லையாம். நான் 5 மீற்றர் அளந்து அசையாமல் நின்றேன். ஒரு பென்குயின் கடலிலிருந்து ஏறி, தன் பாதையில் நேராக வந்து, என் சப்பாத்துக்கு முன்னால் நின்று நிமிர்ந்து பார்த்தது. வழிகாட்டி மெதுவாகச் சொன்னார், "நீ நிற்பது அதன் ஒழுங்கை." நான் ஒதுங்கினேன். அது போய்விட்டது. 5 மீற்றர் என்பது எனக்குத்தான், அதற்கில்லை.

வடக்கே கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். நோர்வேயின் சுவல்பார்ட் தீவுகளில் 2025 ஜனவரி முதல் பனிக்கரடிக்கு 300 மீற்றருக்குள் போகக் கூடாது. மார்ச் முதல் ஜூன் வரை 500 மீற்றர். கலண்டர் கரடி எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று பார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், போன வருசம் நான் வந்தபோது அத்தானோடு கடலுக்குப் போனேனே, நீயும் வந்தாய், அந்தக் காலையை மறக்க முடியவில்லை. சுழன்று பாய்கிற அந்தச் சின்ன ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. எனக்குச் சிலிர்த்தது. அந்தாட்டிக்காவில் நாலு பருவத்திலும் அப்படி ஒரு கூட்டத்தை நான் காணவில்லை. பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் வள்ளங்கள் வந்தன. ஒருவர் குறுக்கே விட்டார், இன்னொருவர் கூட்டத்தின் நடுவால் என்ஜினை முடுக்கினார், வெள்ளைக்காரர் கை தட்டினார்கள். ஓங்கில்கள் இரண்டாகப் பிரிந்து ஆழத்துக்குப் போயின. கை தட்டியவர் காசு கூடக் கொடுப்பார், ஆகவே அத்தானையோ மற்றவரையோ நான் குறை சொல்ல மாட்டேன். பெற்றோல் விலை எனக்கும் தெரியும். ஆனால் இலங்கையிலும் 2012இலிருந்து சட்டம் உண்டு, திமிங்கிலத்துக்கு 100 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். என்ஜினை அடக்கி ஓரமாக விட்டால் ஓங்கில் தானாக வள்ளத்தின் முன்னலைக்கு வரும் என்று சொல்லித் தந்ததே அத்தானின் அப்பாதான், எந்த விரிவுரையாளரும் இல்லை.

திமிங்கிலம் என்றதும் ஒன்று. உங்கள் கரைக்கு வெளியே, அடி சடாரென்று ஆழமாகிற இடத்தில், தலை பெருத்த எண்ணெய்த் திமிங்கிலங்களைச் சில நாள் காணலாம். அவை தாயும் பெண்ணும் குஞ்சுமாகக் குடும்பம் குடும்பமாக வெப்பக் கடலிலேயே வாழ்கிறவை. ஆண்கள் வளர்ந்ததும் பிரிந்து குளிர்க் கடல்களுக்குப் போய்விடும், பெரியவை பனி விளிம்பு வரைக்கும் போகும், பெண் தேடித்தான் திரும்பி வரும். வெளிநாடு போன நம் ஊர் ஆம்பிளைகள் மாதிரி. நீலத் திமிங்கிலம் எதிர்மாறு. உலகத்தின் மற்ற நீலத் திமிங்கிலங்கள் பல கோடையில் முனைவுக் கடலுக்குத் தீன் தேடிப் போகும்போது, இலங்கையைச் சுற்றியுள்ளவை வருசம் முழுக்க இந்த வெப்பக் கடலிலேயே நிற்கின்றன. இதை எடுத்துச் சொல்லி ஆராய்ந்தவர் ஆஷா டி வோஸ் என்ற கொழும்புப் பெண். உன் மூன்றாவது கேள்விக்கு அவரை ஒரு பாதிப் பதிலாக வைத்துக்கொள்.

தென் ஜோர்ஜியாவில் கிரிட்விக்கன் என்ற இடத்தில் எங்கள் கப்பல் நிற்கும். ஷக்கிள்டனின் கல்லறை அங்கேதான். பயணிகள் கல்லறையைப் படம் எடுப்பார்கள். நான் துருப்பிடித்த கொப்பரைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். 1904இலிருந்து 1965 வரை அந்த ஒரு தீவின் கரைகளில் ஒரு லட்சத்து 75 ஆயிரம் திமிங்கிலங்களுக்கு மேல் அறுத்து எண்ணெய் காய்ச்சினார்கள். மெழுகுதிரி, சவர்க்காரம், மார்ஜரின். இது எங்கோ தெற்கே நடந்தது என்று நினைக்காதே. சோவியத் நாட்டின் தொழிற்சாலைக் கப்பல்கள் அந்தாட்டிக்காவுக்குப் போகும் வழியில் நம் கடலையும் விடவில்லை. 1963 முதல் 1966 வரை வட இந்து சமுத்திரத்தில், இலங்கையைச் சுற்றிய கடலும் உட்பட, 1,200க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். கணக்கை மறைத்தார்கள். அந்த நாடு உடைந்த பிறகு, 1990களில்தான், கப்பலில் வேலை செய்த விஞ்ஞானிகள் ஒளித்து வைத்த குறிப்புகள் வெளியே வந்தன. உன் அப்பப்பா அப்போது இளந்தாரி. அந்தக் கப்பல்களின் புகையைக்கூடக் கண்டிருக்கலாம்.

1979இல் இந்து சமுத்திரம் முழுவதும் திமிங்கிலச் சரணாலயம் ஆனது. இப்போது கொல்ல வருகிறவர் இல்லை, பார்க்க வருகிறார்கள். பாதை ஒன்றுதான்.

சரி, போக முடியுமா என்ற கேள்விக்கு மிச்சப் பதில். போகலாம், படித்து விஞ்ஞானியாகப் போகலாம், என்னைப் போலக் கோப்பை கழுவப் போகலாம். ஆனால் அதுவரைக்கும் முனைவுக்காக நீ காத்திருக்க வேண்டியதில்லை. அது வருசத்துக்கு இரண்டு தடவை உன் முற்றத்துக்கு வருகிறது.

வடக்கு நூலைப் பிடி. கருவாடு காயவைக்கும் பாயைச் சுற்றிப் பெரிய கடற்காகங்கள் சண்டை போடுமே, முதுகு சாம்பல், கால் மஞ்சள். நீ கல்லெறிந்து துரத்துகிறவை. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் அந்த இனத்தில் சிலவற்றைப் பிடித்து முதுகில் சின்ன ஜிபிஎஸ் கருவி கட்டி விட்டார்கள். மேகா என்று பெயர் வைத்த ஒன்று ரஷ்யாவின் வடகரையில் யமால் என்ற தீபகற்பம் வரைக்கும் போய், மறுபடி மன்னாருக்கே வந்தது. போக வர 19,000 கிலோமீற்றருக்கு மேல். யமால் எங்கே இருக்கிறது தெரியுமா? வாத்தியாரின் நூல் போய் நின்ற இடத்துக்குப் பக்கத்தில். அவருக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார். களப்பு வற்றும்போது சேற்றில் ஓடியோடிக் குத்துகிற உள்ளான்களில், அலகு கொஞ்சம் கீழே வளைந்த சின்னது ஒன்று இருக்கும். அதுவும் சைபீரியாவின் மரமில்லாத அந்த வடகரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருவதுதான். பனிக்கரடி நடக்கிற மண்ணில் நின்ற கால் அது.

தெற்கு நூலில் வருவது சோளகக் காலத்தில், நீங்கள் வள்ளத்தை இழுத்து மேலே போட்டிருக்கும் மாதங்களில். ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, முழுக்கக் கறுப்பு, வால் தொடங்குமிடத்தில் வெள்ளைப் பட்டி. பறக்கும்போது இரண்டு காலையும் தொங்கவிட்டு அலையின் மேல் தத்தித் தத்தி நடக்கிற மாதிரி இருக்கும். வில்சனின் ஸ்டோர்ம் பெற்றல் என்பார்கள், தமிழில் ஊர்ப் பெயர் இருந்தால் எனக்கு எழுது. நிறை 40 கிறாம் அளவு, ஒரு கோழிமுட்டைகூட இல்லை. அந்தாட்டிக்காப் பாறை இடுக்கில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர்காலம் தொடங்கியதும் 8,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்து நம் கடலுக்கு வருகிறது. ஸ்கொட்டோடு செத்த வில்சனின் பெயர் என்றுதான் நான் பல நாள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு வழிகாட்டி திருத்தினார், அது அமெரிக்காவில் பறவை படம் வரைந்த வேறொரு வில்சனாம்.

கடைசியாக ஒன்று. இது எழுதக் கஷ்டமானது.

களப்பிலும் போர்த்துக்கல் குடாவிலும் சாட்டாமாறு என்று நாங்கள் சொல்லும் கடற்புல் இருக்கிறதே, அதை மேய்கிற விலங்கு ஆவுளியா. கடற்பசு. நூற்றைம்பது வருசத்துக்கும் முன் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட், கற்பிட்டிக் குடாவிலிருந்து மன்னார் மணல்திட்டுகள் வரைக்கும் ஆவுளியா இருப்பதை எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முனைவுப் பக்கம் ஒரு சொந்தம் இருந்தது. 1741இல் விட்டஸ் பேரிங் என்ற கப்பல் தலைவரின் பயணம் அலாஸ்காவைக் கண்டுவிட்டுத் திரும்பும்போது ஆளில்லாத ஒரு குளிர்த்தீவில் உடைந்தது. தலைவர் அங்கேயே செத்தார். மருத்துவராகப் போன ஸ்டெல்லர் கரையோரக் கடற்பாசியில் பெரிய பெரிய விலங்குகள் மேய்வதைக் கண்டார். ஆவுளியா மூன்று மீற்றர் என்றால் இது எட்டு மீற்றர் வரை, பல தொன். பயமறியாதது, கையால் தொடலாம். பசியில் கிடந்தவர்கள் அடித்துச் சாப்பிட்டார்கள். மாட்டிறைச்சி மாதிரி என்று எழுதினார் ஸ்டெல்லர். அடித்த பெண் விலங்கு கிடந்த கரைக்கு அதன் ஆண் அடுத்தடுத்த நாளும் வந்து நின்றதையும் அவரே எழுதினார். உயிரோடு அதைக் கண்டு ஆராய்ந்து எழுதிய ஒரே அறிஞர் அவர்தான். அவர்கள் ஊர் திரும்பிக் கதை சொல்ல, தோலுக்காக நீர்நாய் வேட்டையாடப் போனவர்கள் வழியில் இறைச்சிக்கு அந்தத் தீவில் நின்றார்கள். 1768க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. கண்ட நாளிலிருந்து 27 வருசம்.

இந்த விரிவுரையைக் கேட்ட அன்று என் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் நான் ஆவுளியா இறைச்சி சாப்பிட்டிருக்கிறேன். எட்டு வயது இருக்கும். யாரோ வலையில் பட்டது என்று கொண்டுவந்தார்கள், அம்மா தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தா. மாட்டிறைச்சி மாதிரித்தான் இருந்தது. மிச்சமிருந்தால் இன்னும் கேட்டிருப்பேன்.

இப்போது அதைப் பிடிப்பது குற்றம், எல்லோருக்கும் தெரியும். எதிர்க்கரையில் தமிழ்நாட்டு அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாவுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. நம் பக்கத்தில் எத்தனை மிச்சம் என்று அப்பப்பாவைப் போன்றவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். சாயங்காலம் அவர் வலை பொத்தும்போது பக்கத்தில் இரு. ஆவுளியாவைக் கடைசியாக எந்த வருசம் கண்டார், எந்த இடத்தில், வலையிலா, மேயும்போதா, தனியாகவா, குட்டியோடா என்று கேள். அவர் சொல்கிற சொல்லிலேயே எழுது, திருத்தாதே. அவருக்கு வருசம் நினைவில்லாவிட்டால் எந்தப் புயலுக்கு முன், யாருடைய கலியாணத்துக்குப் பின் என்று கேள். சொல்வார்.

கப்பலில் ஒரு பயணி விட்டுப்போன பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, அடுத்த கிழமை கற்பிட்டிக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். வலது கண் வளையம் கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் போடாதே, மணல் ஒட்டும். கடற்காகத்துக்குக் கல்லெறிவதைக் கொஞ்சம் நிறுத்தி, அதன் முதுகில் ஏதாவது கருவி இருக்கிறதா என்று பார்.

அக்காவிடம் என் முழங்கால் பரவாயில்லை என்று சொல்.

உன் மாமா